ரெண்டாம் உலகப் போர்ல பின்லாந்து வானத்துல எந்த சண்டை விமானம் பெஸ்ட், ப்ரூஸ்டரா, மெஸ்ஸர்ஷ்மிட்டா?
எனக்கு ப்ரூஸ்டர் மேலதான் பாசம். பசிபிக்ல ஜப்பான்கிட்ட செமயா அடி வாங்குன அதே அமெரிக்க பஃபலோ விமானக் குடும்பம்தான், ஆனா பின்லாந்துக்கு வந்த 44 விமானமும் எடை கம்மியான பழைய மாடல், நல்லா வளைஞ்சு திரும்பும், அதோட அங்கத்த மெக்கானிக்குங்க சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன் ரிங்க தலைகீழா மாட்டியே இன்ஜின் தொல்லைய சரி பண்ணிட்டாங்க, என்னா மூளை பாருங்க!

1943ல ஜெர்மனில இருந்து வந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி வேகத்துலயும் மேல ஏறுறதுலயும் எங்கயோ இருக்கு. டேக்ஆஃப்ல ஒரு பக்கமா இழுக்கும், சக்கரம் ரெண்டும் நெருக்கமா வேற இருக்கறதால அசந்தா போச்சு.

பின்லாந்து விமானி யூட்டிலைனன் வீழ்த்துன 94 எதிரி விமானத்துல ப்ரூஸ்டர்ல 34, மெஸ்ஸர்ஷ்மிட்ல 58. 1944 கோடைல சோவியத் பெரும்படையா வந்தப்ப மெஸ்ஸர்ஷ்மிட் இல்லாம சமாளிச்சிருக்கவே முடியாது. ஆனா 1941ல கைகொடுத்தது ப்ரூஸ்டர்தாங்க.