மந்திரக்கோல், லைட்சேபர், பவர்-அப் பேண்ட்: தீம் பார்க்கில் எதை வாங்கலாம், எதை விடலாம்

எந்தப் படம் அதிகம் ஓடியதோ அதற்குத்தான் தீம் பார்க்கில் இடம் கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிப் போவதில்லை. 2006-ல் வந்த பிக்ஸாரின் 'கார்ஸ்' உலகம் முழுக்க வசூலித்தது சுமார் 46 கோடி டாலர். பிக்ஸார் படங்களின் வரிசையில் அது முதலிடத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் அடுத்த ஐந்தாண்டுகளில் அந்தப் படத்தின் பெயரில் விற்ற பொம்மைக் கார், பள்ளிப் பை, சட்டை, போர்வை எல்லாம் சேர்ந்து சில்லறை விற்பனையில் ஏறத்தாழ 1,000 கோடி டாலரைத் தொட்டன. அந்தப் படம்தான் 2012 ஜூனில் கலிஃபோர்னியாவில் டிஸ்னியின் அட்வென்ச்சர் பூங்காவில் 12 ஏக்கர் 'கார்ஸ் லேண்ட்' பகுதியாக ஆனது. படம் பார்த்தவர் எத்தனை பேர் என்பதோடு, அந்த உலகத்திலிருந்து கையில் எடுத்துப் போக என்ன இருக்கிறது என்பதும் புதிய பகுதிகளைத் தீர்மானிக்கிறது.

ஆகவே இந்தப் பகுதிகளில் விற்கும் பொருளை வெறும் நினைவுப் பொருளாக நினைத்து மதிப்பிட முடியாது. ரைடும் தெருவும் கடையும் அதைச் சுற்றித்தான் கட்டப்படுகின்றன. வாங்கும் முன் இரண்டு கேள்விகள் போதும். அது கையில் இல்லாவிட்டாலும் அந்த இடம் முழுமையாக இருக்கிறதா? வீட்டுக்கு வந்த பிறகு அதற்கு ஏதாவது வேலை இருக்கிறதா? கீழே சொல்லும் விலைகள் அறிமுகமானபோது இருந்தவை. பிறகு பெரும்பாலும் ஏறிவிட்டன.

முதலில் மந்திரக்கோல். இந்த வகையில் மற்ற எல்லாவற்றையும் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆர்லாண்டோவில் யுனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்காவில் ஹாரி பாட்டரின் ஹாக்ஸ்மீட் கிராமம் 2010 ஜூன் 18 அன்று திறந்தது. தீம் பார்க் துறை அமைப்பான டி.இ.ஏ.வின் மதிப்பீட்டில், அந்தப் பூங்காவுக்கு 2009-ல் வந்தவர்கள் சுமார் 46 லட்சம், 2011-ல் சுமார் 76 லட்சம். இவ்வளவு கூட்டத்தை இழுத்ததில் ரைடுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கதையின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். இந்தக் கதையில் ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்குப் போகும் முன் கடைக்குப் போய் மந்திரக்கோல் வாங்கியாக வேண்டும். கடைக்குப் போவதே கதையின் ஒரு காட்சி. வேறு எந்தப் படத்துக்கும் இவ்வளவு வசதியாக அமையவில்லை.

ஆலிவாண்டர்ஸ் என்ற மந்திரக்கோல் கடையில் சிறு கூட்டமாக உள்ளே விட்டு ஒரு குட்டி நாடகம் நடத்துவார்கள். கூட்டத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, 'கோல்தான் உன்னைத் தேர்ந்தெடுக்கிறது' என்பார்கள், ஒளியும் ஒலியும் சேர்ந்து வரும். முடிந்ததும் கதவு நேரே விற்பனைக் கூடத்துக்குத் திறக்கும். பெற்றோர் இங்கே ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: பிள்ளை தேர்வானாலும் அந்தக் கோல் இலவசம் இல்லை. வாங்குவதா வேண்டாமா என்பதை வரிசையில் நிற்கும்போதே பிள்ளையிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 2010-ன் சின்னக் கடைக்கு வெளியே வெயிலில் வரிசை நீண்டதால், 2014 ஜூலை 8-ல் பக்கத்துப் பூங்காவில் திறந்த டயகன் ஆலி என்ற மந்திரவாதிகளின் கடைத்தெருவில் பல அறைகளோடு பெரிய ஆலிவாண்டர்ஸ் கட்டினார்கள். அங்கே காத்திருப்பு குறைவு.

தெருவோடு பேசும் கோல் வந்ததும் அந்த ஆண்டில்தான், விலை 45 டாலரை ஒட்டி. நுட்பம் எளிமையானது. கோலின் நுனியில் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும், பாசிமணி போன்ற ஒரு சிறு மணி இருக்கிறது. உள்ளே பேட்டரி கிடையாது. கடை ஜன்னலுக்குள் மறைந்திருக்கும் விளக்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீச, அது அந்த மணியில் பட்டுத் திரும்புவதைக் கேமரா பார்க்கிறது. நுனி வரைந்த கோடு சரியான வடிவத்தில் இருந்தால் ஜன்னலுக்குள் பொம்மை ஆடும், நீர் பீய்ச்சும், விளக்கு எரியும். நிற்க வேண்டிய இடத்தையும் வரைய வேண்டிய வடிவத்தையும் தரையில் பதித்த பித்தளைத் தகடு காட்டும்.

வேலை செய்யவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றே. தோளிலிருந்து கையை வீசிப் பெரிதாக வரைகிறார்கள், நுனி கேமராவின் பார்வையைத் தாண்டிப் போய்விடுகிறது. தகட்டின் மேல் நின்று, நுனியை ஜன்னலுக்கு நேராக ஒரு நொடி அசையாமல் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து, ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் மெதுவாக வரைய வேண்டும். முடித்த இடத்தில் மறுபடி நிறுத்த வேண்டும். நேர் வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் நண்பகலில் கேமரா குழம்பலாம். நிழல் விழுந்த பிறகு போனால் சுலபம். பக்கத்தில் இன்னொருவர் கோலை நீட்டிக்கொண்டிருந்தாலும் கோடு கலையும், ஆகவே முறை வைத்துச் செய்யுங்கள். நுனியில் விரல் பட்டு அழுக்கானால் மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். அதற்கும் சரிவராவிட்டால் கடைக்கே எடுத்துப் போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். பெட்டியோடு வரும் வரைபடத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டயகன் ஆலியின் இருண்ட கிளையான நாக்டர்ன் ஆலியின் புற ஊதா விளக்கில் பிடித்தால், சாதாரண வெளிச்சத்தில் தெரியாத இடங்களும் அதில் தெரியும்.

அதே கடையில் நுனி மணி இல்லாத கோலும் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அலமாரியில் வைக்க அது போதும், தெருவில் அதற்கு வேலை இல்லை. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். 2025 மே 22-ல் திறந்த யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸ் பூங்காவோடு வந்த இரண்டாம் தலைமுறைக் கோலின் நுனியில் விளக்கு உண்டு, மந்திரம் பலித்தால் கையில் அதிர்வு தெரியும், ஆப்பிலும் பதிவாகும். மந்திரம் பலித்ததா இல்லையா என்று பிள்ளைக்கு உடனே தெரிவது உண்மையான முன்னேற்றம். கூடவே பேட்டரியும் வந்துவிட்டது, அதை முந்தைய கோலின் எளிமைக்கு ஈடாக என்னால் ஏற்க முடியவில்லை.

கோல் வாங்காதவருக்கும் அந்தத் தெரு குறையில்லாமல் இருக்கிறது. வீட்டில் அது வெறும் கோல்தான், ஆனால் விளையாடும் பிள்ளைக்கு அதுவே போதும். இங்கே நான் எச்சரிப்பது கோலைப் பற்றி அல்ல, ரயிலைப் பற்றி. ஹாக்ஸ்மீடையும் டயகன் ஆலியையும் இணைக்கும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸில் ஏற, இரண்டு பூங்காவுக்கும் ஒரே நாளில் செல்லும் டிக்கெட் வேண்டும். ஒரு கதையின் பாதியை ஒரு பூங்காவிலும் மீதியை இன்னொன்றிலும் வைத்ததன் வியாபாரக் கணக்கு அதுதான். டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்யுங்கள், உள்ளே போன பிறகு மாற்றுவது தலைவலி.

டிஸ்னி இந்தப் பாடத்தை உன்னிப்பாகப் படித்தது தெரிகிறது. அதன் ஸ்டார் வார்ஸ் பகுதியான கேலக்ஸிஸ் எட்ஜ் 2019 மே 31-ல் கலிஃபோர்னியாவிலும் ஆகஸ்ட் 29-ல் ஃப்ளோரிடாவிலும் திறந்தது, ஒவ்வொன்றும் 14 ஏக்கர். கடைகளில் தொங்கும் பொருட்கள் கதையில் வரும் ஒரு கிரகத்துச் சந்தையில் விற்பவை போலவே வடிவமைக்கப்பட்டவை. கோலாவைக்கூட உருண்டைப் பாட்டிலில் விற்றார்கள். அது வெடிகுண்டு போல இருக்கிறதென்று அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை அந்த ஆண்டு விமானத்தில் தடை செய்து, சில நாளில் தளர்த்தியது.

இங்கே மந்திரக்கோலின் இடத்தில் இருப்பது சாவிஸ் வொர்க்‌ஷாப்பின் லைட்சேபர், அதாவது படத்தில் வரும் ஒளி வாள். பாகங்களை அங்கே நாமே பொருத்த வேண்டும். ஆரம்ப விலை 199.99 டாலர். முன்பதிவு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் 14 பேர், ஒவ்வொருவரோடும் உடன் வருபவர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. வெளியே பதிவு செய்யும்போதே நான்கு வகைப் பிடிகளில் ஒன்றைத் தேர்ந்து பணம் கட்ட வேண்டும். உள்ளே போன பிறகு மனம் மாறினால் பிரயோசனம் இல்லை, அந்த வகைக்குரிய பாகங்கள்தான் தட்டில் வரும். அடுத்து சிவப்பு, நீலம், பச்சை, ஊதா என்ற நான்கு நிறக் கைபர் படிகங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். படிகத்துக்குள் ஒரு அடையாளச் சில்லு இருக்கிறது, அதைப் படித்துத்தான் வாள் அந்த நிறத்தில் எரியும். பிறகு மின்னணுப் பகுதி உள்ள உள்குழலில் படிகத்தை வைத்து, மேலே உறைகள், முனை, அடிமூடி, பொத்தான் தகடு என்று பொருத்த வேண்டும். கடைசியில் வாளின் ஒளிரும் நீளப் பகுதியான அலகை ஊழியர் மாட்டி, எல்லோரும் ஒரே நேரத்தில் பற்றவைப்பார்கள். மொத்தம் சுமார் 20 நிமிடம். விலையில் பாதி இந்த 20 நிமிடத்துக்குத்தான், அதற்கு அது தகுதியானதும்கூட.

கவனிக்க வேண்டியது அலகு. நீளமான குழாய்க்குள் எல்.இ.டி. வரிசை ஓடுகிறது. இதை வைத்து உண்மையாகச் சண்டை போட்டால் இணைப்பு விட்டு, நடுவில் ஒரு துண்டு மட்டும் எரியாமல் போகும். பிள்ளைகள் கட்டாயம் சண்டை போடுவார்கள், வீட்டில் அலகைக் கழற்றிப் பிடியை மட்டும் கொடுத்துப் பழக்குங்கள். நீளமான பொருள் என்பதால் விமானத்தில் கையோடு கொண்டு வர அந்த நிறுவனத்தின் அளவு விதியை முன்பே பாருங்கள். பட்ஜெட் இடிக்கிறதென்றால், அதே பகுதியில் டாக்-ஓண்டர்ஸ் கடையில் படத்துக் கதாபாத்திரங்களின் பிடியை ஆயத்தமாக விற்கிறார்கள். அலகு தனி விலை என்பதையும், படிகம் மாற்றி நிறம் மாற்ற முடியாது என்பதையும் தெரிந்து வாங்குங்கள். பக்கத்து ட்ராய்ட் டிப்போவில் 99.99 டாலருக்குத் தொடங்கிய சிறு ரோபோ, வயது குறைந்த பிள்ளைகளுக்கு லைட்சேபரைவிட நல்ல தேர்வு. பூங்காவுக்குள் புளூடூத் குறிகளைக் கேட்டுத் தானாகக் கத்தும், வீட்டில் ரிமோட்டுக்கு ஓடும்.

ஆனால் மந்திரக்கோலுக்குத் தெரு பதில் சொல்கிறது, லைட்சேபருக்குச் சொல்வதில்லை. 20 நிமிட நாடகம் முடிந்ததும் அதைப் பையில் போட்டுத் தோளில் சுமக்க வேண்டியதுதான். ஆகவே நாளின் கடைசி மணி நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள்.

ஸ்டார் வார்ஸின் பெயரில் விலை எங்கே எல்லை மீறியது என்பதற்கு ஃப்ளோரிடாவின் கேலக்டிக் ஸ்டார்குரூசர் சாட்சி. இரண்டு இரவு விண்கலப் பயணமாக நடித்துக் காட்டும் ஹோட்டல், இருவருக்குச் சுமார் 4,800 டாலர். 2022 மார்ச் 1-ல் திறந்து 2023 செப்டம்பரில் மூடினார்கள். போனவர்கள் நடிப்பையும் கதையையும் புகழ்ந்தார்கள், ஆனால் அந்த விலைக்கு மறுபடி மறுபடி நிரப்ப ஆள் இல்லை.

கலிஃபோர்னியாவில் டிஸ்னியின் மார்வெல் பகுதியான அவெஞ்சர்ஸ் கேம்பஸில் 2021 ஜூனில் வந்த வெப் ஸ்லிங்கர்ஸ் என்ற ஸ்பைடர்-மேன் ரைடின் கைப்பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ரைடில் எதுவும் அணியாமலே கையசைவைக் கேமரா படித்து வலை வீசுகிறது, அதுதான் அதன் அழகு. காசு கொடுத்துப் பட்டை வாங்கினால் திரையில் ஒரே நேரத்தில் பல வலைகள் பறக்கும், அதில் மாட்டும் கூடுதல் பாகத்துக்குத் தனி விலை. பக்கத்து இருக்கைக் குழந்தையின் புள்ளியைப் பெற்றோரின் பணம் தீர்மானிப்பது தீம் பார்க்குக்கு ஆகாது. ரைடு முடிந்தால் பட்டைக்கும் வேலை அவ்வளவாக இல்லை. இதே ரைடு ஃப்ளோரிடாவில் இல்லாததற்கு வேறு காரணம்: 1994-ல் மார்வெல் யுனிவர்சலோடு போட்ட ஒப்பந்தம். 2009-ல் டிஸ்னி மார்வெலை வாங்கியும் ஸ்பைடர்-மேனைத் தன் ஃப்ளோரிடா பூங்காவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்த ஒப்பந்தத்துக்குள் வராத கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி மட்டும் 2022-ல் அங்கே டிஸ்னியின் எப்காட் பூங்காவுக்கு வந்தது.

யுனிவர்சல் பூங்காக்களில் மரியோ விளையாட்டின் உலகமான சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டில் விற்கும் பவர்-அப் பேண்ட் என்ற கைப்பட்டை, வாங்கலாமா விடலாமா என்ற எல்லையில் நிற்கிறது. ஒசாகாவில் 2021 மார்ச் 18-ல் அந்தப் பகுதி திறந்தபோது 3,200 யென், 2023-ல் ஹாலிவுட்டில் 40 டாலர். மரியோ, லூயிஜி, பீச், டோட், யோஷி, டெய்சி என்று தொடக்கத்தில் ஆறு வகை. விளையாட்டில் வருவது போன்ற கட்டைகளை யார் குத்தினாலும் சத்தம் வரும், ஆனால் நாணயம் உங்கள் கணக்கில் ஏற பேண்ட் வேண்டும். சவால்களில் மூன்று சாவி சேர்த்தால்தான் பவுசர் ஜூனியரோடு மோதும் கடைசி விளையாட்டுக்குள் விடுவார்கள், அதாவது பேண்ட் இல்லாதவருக்கு அந்தக் கதவே திறக்காது. முதல் கேள்வியில் இது தோற்கிறது. இரண்டாவதில் தப்பிக்கிறது: நின்டெண்டோவின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியில், அந்த நிறுவனத்தின் சில்லு வைத்த பொம்மையான அமீபோவைப் போல வேலை செய்யும்.

வாங்குவதானால் பூங்காவுக்குள் நுழைந்த உடனே வாங்கி, பின்பக்கக் குறியீட்டை ஆப்பில் பதிந்துவிடுங்கள். உள்ளே கூட்டத்தில் நெட் இழுக்கும். மணிக்கட்டில் தளர்வாகச் சுழலவிடாமல் கட்டி, பட்டையின் முகப்பு தொடவேண்டிய குறியில் படுமாறு வையுங்கள். சாவிச் சவால்களைக் காலையிலேயே முடியுங்கள், மதியம் அவற்றுக்கும் ரைடு போல வரிசை நிற்கும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பேண்ட் என்று சிக்கனம் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும், ஏனென்றால் நாணயமும் சாவியும் பேண்டின் கணக்கில் ஏறும், பிள்ளையின் கணக்கில் அல்ல. ஆளுக்கொன்று வாங்க முடியாதென்றால் யாருக்கும் வாங்காமல் மரியோ கார்ட் ரைடில் நேரத்தைச் செலவிடுங்கள். அதில் ஏற பேண்ட் தேவையில்லை.