பழைய நெட்புக்குக்கு எந்த லினக்ஸ்? ஆன்டிக்ஸ், கியூ4ஓஎஸ், பப்பி: மூன்றையும் நிறுவிப் பார்த்ததில் தெரிந்தவை

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் மாலை, துணிப்பையில் சுற்றிய நெட்புக் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கைப்பட எழுதிவந்த குறிப்புகளைத் தட்டச்சு செய்து வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

“தம்பி, இது கண் திறப்பதற்குள் நான் காபி குடித்து முடித்துவிடுகிறேன். ஆனாலும் தூக்கிப்போட மனம் வரவில்லை” என்றார்.

“வைத்துவிட்டுப் போங்கள் ஐயா, பார்த்துவிடலாம்” என்றேன்.

அதே சமயத்தில் அக்கா மகளுக்கும் அதே வயதுள்ள இன்னொரு நெட்புக் கிடைத்திருந்தது. மூன்றாவதாக, புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் நண்பனுடைய நெட்புக், வன்தட்டு பழுதான நிலையில் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. மூன்று கருவிகளிலும் ஆன்டிக்ஸ், கியூ4ஓஎஸ், பப்பி என்ற மூன்று லினக்ஸ் இயங்குதளங்களையும் மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தேன். எது மிகவும் இலகுவானது என்ற கேள்வியோடுதான் தொடங்கினேன். சில வாரங்களில் அந்தக் கேள்வியே மாறிவிட்டது. பழுது வரும்போது கருவியின் முன் உட்கார்ந்திருப்பவரால் எதைச் சமாளிக்க முடியும் என்பதுதான் இப்போது என் அளவுகோல்.

மூன்றுமே இன்டெல் ஆட்டம் என்270 செயலி கொண்டவை. 2008இல் வந்த செயலி அது, 1.6 கிகாஹெர்ட்ஸ், ஒற்றைக் கரு, 32 பிட் மென்பொருளை மட்டும் ஓட்டும். நினைவகம் 1 ஜிபி, திரை 1024க்கு 600. 2010இல் வந்த என்450, என்455 செயலிகள் 64 பிட் அறிந்தவை. உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால் துணிந்து 64 பிட் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். 32 பிட் செயலியாக இருந்தால், இந்தக் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் உட்கருவுக்கு) வேறு செயலி வேண்டும் என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும், கருவிக்கு ஒரு கெடுதலும் நேராது. செயலி 64 பிட்டாகவே இருந்தாலும், நினைவகம் 1 ஜிபிதான் என்றால் 32 பிட் பதிப்பையே போடச் சொல்வேன். அது சற்றுக் குறைவான நினைவகத்தில் ஓடும்.

இந்த 32 பிட் கட்டுப்பாடு களத்தை வெகுவாகச் சுருக்கிவிடுகிறது. ஒரு காலத்தில் எல்லோரும் கைகாட்டிய லுபுன்டு என்ற இலகுவான லினக்ஸின் 18.04 பதிப்புக்கு ஆதரவு 2021 ஏப்ரலில் முடிந்தது. இப்போதைய பதிப்புகள் 64 பிட்டுக்கு மட்டுமே. பல லினக்ஸ்களுக்கு அடித்தளமான டெபியனின், 2025 ஆகஸ்ட்டில் வெளியான 13ஆம் பதிப்பு, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. ஆகவே டெபியன் 12தான் நமக்குக் கடைசிப் படித்துறை. ஆன்டிக்ஸ் 23, கியூ4ஓஎஸ் அக்வாரியஸ், பப்பியின் புக்வோர்ம்பப்32 ஆகிய மூன்றும் அந்த டெபியன் 12இன் மேல்தான் நிற்கின்றன. மென்பொருள் கிடங்கு ஒன்றுதான், திரைமுகமும் (டெஸ்க்டாப்) நிறுவும் முறையும் பழக்கவழக்கமும்தான் வேறு.

பென்டிரைவைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆசிரியருடைய நெட்புக் நிறுவலின் நடுவே இரண்டு முறை உறைந்து நின்றது. நான் முதலில் பென்டிரைவைச் சந்தேகித்தேன், பிறகு இறக்கிய கோப்பைச் சந்தேகித்தேன். கோப்பு பழுதின்றி இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகை சரியாகவே இருந்தது. பின்பக்க மூடியைக் கழற்றி நினைவகச் சில்லை வெளியே எடுத்தபோது, தங்க நிறத்தில் மின்ன வேண்டிய தொடுமுனைகள் மங்கி, ஓரங்களில் பச்சை பூத்திருந்தன. உப்புக் காற்றின் வேலை. பள்ளிக்கூடத்து அழிப்பான் கொண்டு மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு, திரும்பப் பொருத்தினேன். மூன்றாவது முயற்சியில் நிறுவல் நிற்காமல் ஓடி முடிந்தது. எந்த லினக்ஸையும் குறைசொல்வதற்கு முன் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள்.

நினைவகக் கணக்கு

தொடங்கியவுடன், வேறெதையும் திறக்காத நிலையில், ஆன்டிக்ஸ் ஏறத்தாழ 150 எம்பி எடுத்தது. கியூ4ஓஎஸ் 250 எம்பியை ஒட்டி நின்றது. பப்பியை இந்த வரிசையில் வைப்பது சரியாகாது. அது தன் மையக் கோப்பையே நினைவகத்தில் நகலெடுத்துக்கொண்டு ஓடும் இயல்புடையது. நினைவகம் தாராளமாக இருந்தால் அதுதான் அதன் வேகத்தின் காரணம். 1 ஜிபி கருவியில் உலாவிக்கு இடம் இல்லாமல் போவதற்கும் அதுவே காரணமாகலாம். தொடக்கத் திரையில் பிஃபிக்ஸ் என்ற விருப்பத்துக்கு நோகாப்பி என்ற மதிப்பைக் கொடுத்தால் (pfix=nocopy) நகலெடுக்காமல் ஓடும்.

இந்த எண்களை வைத்து ஆன்டிக்ஸுக்கு மாலை போட்டுவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஃபயர்பாக்ஸில் தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றைத் திறந்ததுமே இரண்டும் 700 எம்பியைத் தாண்டின. உலாவிதான் நினைவகத்தைத் தின்கிறது, திரைமுகங்களுக்கு இடையே உள்ள நூறு எம்பி வேறுபாடு அதன்முன் சிறியது. அந்த நூறைச் சேமிக்கப் பாடுபடுவதைவிட, தரவை நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் வசதியை இயக்குவது அதிகப் பயன் தரும். டெபியன் கிடங்கிலேயே அதற்கான தொகுப்பு இருக்கிறது. நினைவகம் நிரம்பி, வன்தட்டையே நினைவகம்போல் பயன்படுத்தும் ஸ்வாப் பழைய வன்தட்டில் ஓடத் தொடங்கினால் கருவி மூச்சுமுட்டி நிற்கும். இசட்ரேம் அந்த நிலை வருவதைத் தள்ளிப்போடுகிறது.

உலாவியைப் பற்றி இன்னொன்று. கூகுள் குரோம் 32 பிட் லினக்ஸை 2016லேயே விட்டுவிட்டது. ஃபயர்பாக்ஸிலும் 32 பிட் லினக்ஸுக்கான கடைசிப் பதிப்பு 144 என்று மொசில்லா அறிவித்தது. 140 நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு என்றது. எனவே வங்கி வேலையை இந்தக் கருவியில் வைத்துக்கொள்ளாதீர்கள். எழுத, படிக்க, பாட்டுக் கேட்க, நிரல் பழக வைத்துக்கொள்ளுங்கள்.

கியூ4ஓஎஸ்

இதன் ட்ரினிட்டி திரைமுகம் கேடிஇ 3.5 என்ற பழைய லினக்ஸ் திரைமுகத்தின் வழிவந்தது. இடது கீழ் மூலையில் பட்டியல், கீழே பணிப்பட்டை, வலது ஓரத்தில் கடிகாரம். பல ஆண்டுகள் விண்டோஸ் எக்ஸ்பியில் பழகியவர் கேள்வி கேட்காமல் உட்கார்ந்து வேலை செய்யலாம். தமிழாசிரியர் முதல் நாளே கோப்பைச் சேமித்து, மூடி, மறுபடி திறந்தார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேடிஇ 3 காலத்தில் தன்னார்வலர்கள் செய்த தமிழாக்கமும் ட்ரினிட்டியில் தொடர்கிறது, தமிழ் மொழித் தொகுப்பைச் சேர்த்தால் பட்டியல்கள் தமிழில் வருகின்றன. சில சொற்கள் இன்று கொஞ்சம் பழமையாகத் தோன்றினாலும், அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சி எனக்குப் போதும்.

நிறுவி முடிந்ததும் முழுமையான தொகுப்பு வேண்டுமா, அடிப்படை மட்டும் போதுமா என்று கியூ4ஓஎஸ் கேட்கும். அடிப்படையையே தேர்ந்தெடுங்கள். லிப்ரேஆபிஸ் போன்றவற்றைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். இது டெபியனை விட்டு அதிகம் விலகாததால், டெபியனுக்காக எழுதப்பட்ட தீர்வுகள் பெரும்பாலும் அப்படியே பொருந்துகின்றன. பழுது பார்ப்பவனுக்கு இது பெரிய வசதி.

ஆன்டிக்ஸ்

அக்கா மகளிடம் இதைக் கொடுத்தேன். ஐஸ்டபிள்யூஎம் என்ற சிறிய சாளர மேலாளர். கருவி அதில் உண்மையாகவே சுறுசுறுப்பாகிறது. முழுப் பதிப்பில் தேவையானவை பெரும்பாலும் முன்பே இருக்கின்றன. அமைப்புகளை எல்லாம் ஒரே கட்டுப்பாட்டு மையத்தில் கூட்டி வைத்திருக்கிறார்கள். பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, வைஃபை, ஒலி எல்லாம் வேலை செய்கின்றன என்று உறுதி செய்த பிறகு நிறுவலாம்.

சிக்கல் வேறிடத்தில் வருகிறது. கருவி எழும்போது சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஆன்டிக்ஸில் கிடையாது. அது அவர்களுடைய கொள்கை முடிவு. சிஸ்டம்டி கட்டளையில் தொடங்கும் எந்தத் தீர்வும் இங்கே வேலை செய்யாது. வைஃபை இணைப்புக்கும் டெபியன் திரைமுகங்களில் வழக்கமாகக் காணும் நெட்வொர்க் மேனேஜருக்குப் பதிலாக கான்மேன் இருக்கிறது. தெரிந்தவருக்கு இவை இடையூறே இல்லை. தெரியாதவர், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து மனம் தளர்ந்துவிடுவார். அக்கா மகள் இரண்டாம் வாரம், “மாமா, இதில் அந்தக் கட்டளையே இல்லையே” என்று கேட்டாள். ஏன் இல்லை என்று விளக்கினேன், அதற்குப் பிறகு அவளே தேடிக்கொள்கிறாள். கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு ஆன்டிக்ஸ் நல்ல ஆசான்.

பப்பி

ஆஸ்திரேலியாவின் பாரி கவுலர் 2003இல் தொடங்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நண்பனுடைய வீட்டில் மின்சாரம் போய்ப் போய் வந்திருக்கிறது. மறுநாள் அவனுடைய வன்தட்டிலிருந்து இயங்குதளம் எழவில்லை. பப்பி பென்டிரைவைச் செருகியதும், வன்தட்டைச் சாராமல் முழுத் திரைமுகமும் வந்து நின்றது. வன்தட்டின் ஒரு பகுதி இன்னும் படிக்கும் நிலையில் இருந்தது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை அன்று இரவே வேறு தட்டுக்கு நகலெடுத்தேன். அந்த ஓர் இரவுக்காகவே பப்பியை என்றும் பையில் வைத்திருப்பேன்.

ஆனால் அன்றாட வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது இயல்பாகவே நிர்வாகி உரிமையோடு ஓடுகிறது. பென்டிரைவிலிருந்து ஓடும்போது நீங்கள் செய்யும் மாற்றங்கள் முதலில் நினைவகத்தில்தான் இருக்கும். சேமிக்கும்போதோ அணைக்கும்போதோதான் பென்டிரைவுக்குப் போகும். மின்கலம் செத்த நெட்புக்கில், மின்வெட்டு வரும் ஊரில், அரைநாள் தட்டச்சு ஒரு நொடியில் போய்விடலாம். ஆசிரியருக்கு இதைக் கொடுக்காததற்கு முழுக் காரணமும் இதுதான். பப்பியே எழாமல் அடம்பிடித்தால், பிஃபிக்ஸ் விருப்பத்துக்கு ரேம் என்று கொடுங்கள் (pfix=ram). சேமித்த கோப்பைத் தொடாமல் புதிதாக எழும்; கெட்டுப்போனது சேமித்த அமைப்புகளா என்று அப்போதே தெரிந்துவிடும்.

எதைப் போட்டாலும் வரும் தொல்லைகள்

ஆசிரியரின் கருவியில் கியூ4ஓஎஸ் ஏறிய மறுநாளே, எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் செல்லாது என்றது. மென்பொருள் புதுப்பிப்பும் மறுத்தது. கிடங்கின் பட்டியல் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்ற செய்தியைப் படித்த பிறகுதான் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். 2009 ஜனவரி 1. பலகையில் இருக்கும் சிறு பொத்தான் மின்கலம் தீர்ந்து, இரவு மின்னிணைப்பைப் பிடுங்கியதும் கருவி பிறந்த நாளுக்கே திரும்பிவிட்டிருக்கிறது. மின்கலத்தை மாற்றினேன், எல்லாம் சரியானது. சில நெட்புக்குகளில் அந்த மின்கலம் கம்பியோடு ஒட்டப்பட்டிருக்கும், வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.

600 புள்ளி உயரமுள்ள திரையில் சில சாளரங்களின் கீழ்ப்பகுதி வெளியே போய்விடும், சரி என்ற பொத்தானே தெரியாது. ஆல்ட் விசையை அழுத்தியபடி சாளரத்தை எலியால் மேலே இழுத்தால் பொத்தான் தெரியும்.

வைஃபையில் ஏதெராஸ் ஏஆர்9285 சில்லு இருந்தால் நிம்மதி, சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். பிராட்காம் பிசிஎம்4312 என்றால் ஃபர்ம்வேரைத் தனியே இறக்க வேண்டும், அதற்கே இணையம் வேண்டும். கைபேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வரலாம்.

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது திரைச்சில்லு. என்270உடன் வரும் ஜிஎம்ஏ 950 லினக்ஸில் நன்றாக ஓடுகிறது. ஜிஎம்ஏ 500, பின்னால் வந்த என்2600இன் ஜிஎம்ஏ 3600 ஆகியவற்றின் உள்ளே இருப்பது பவர்விஆர் சில்லு. லினக்ஸில் அவற்றுக்கு முப்பரிமாண முடுக்கம் இல்லை. செயலி புதியதே என்று நம்பி அவற்றை வாங்காதீர்கள்.

தமிழுக்கு வருவோம். எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தால் போதும். தட்டச்சுக்கு, உள்ளீட்டு மொழியை மாற்றித்தரும் ஐபஸும் அதற்கான விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பும் சேர்த்து, அதில் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். விசைப்பலகை அமைப்புகளிலேயே தமிழ்99 என்று ஒன்று இருக்கும், ஆனால் தானாகப் புள்ளி வைக்கும் வசதி அதில் இல்லை. எம்17என்னில் அந்த வசதி உண்டு. ஆன்டிக்ஸில் ஐபஸ் தானாகத் தொடங்காவிட்டால், தொடக்கக் கோப்பில் அதற்கு ஒரு வரி எழுத வேண்டும். அக்கா மகள் எழுதிவிட்டாள். ஆசிரியருக்குக் கியூ4ஓஎஸில் நானே ஒருமுறை அமைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என்னை அழைக்கவில்லை. இப்போது கோயிலின் தெற்குச் சுற்றுவரை தட்டச்சு செய்துவிட்டதாகச் சொன்னார்.

ரெட்டியார்பாளையத்து நண்பன் புது எஸ்எஸ்டி வாங்கி வைத்திருக்கிறான். அவன் அம்மாதான் இனி அந்தக் கருவியில் வீட்டுக் கணக்கு எழுதப்போகிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்குப் போய்க் கியூ4ஓஎஸ் போட்டுக் கொடுக்கிறேன், பொத்தான் மின்கலம் ஒன்றும் கையோடு எடுத்துப் போகிறேன்.