கொல்லைக்குள் ஓடும் வண்டியில் குழந்தை: ஐசோஃபிக்ஸ் சீட்டா, பெல்ட் சீட்டா?

குழந்தைக்கு கார் சீட் வாங்கப் போனால் சென்னைக் கடைகளில் முதலில் கேட்பது, "உங்க வண்டியில ஐசோஃபிக்ஸ் இருக்கா சார்?" என்பதுதான். ஐசோஃபிக்ஸ் என்பது குழந்தை சீட்டைக் கொக்கியால் மாட்டுவதற்குக் காரிலேயே வரும் இரும்பு வளையங்கள். எங்கள் காரில் அவை இருக்கின்றன. ஆனாலும் காரின் சீட் பெல்ட்டில் கட்டும் சீட்டைத்தான் வாங்கினோம். குரோம்பேட்டையிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் போய்வருவது மட்டும்தான் வேலை என்றால் ஐசோஃபிக்ஸே வாங்கியிருப்போம். எங்கள் சிக்கல் உத்திரமேரூர் பக்கம் மாமனாரின் கொல்லையில், அதாவது அவருடைய விவசாய நிலத்தில், இருக்கிறது. அங்கே போனதும் எங்கள் கார் வீட்டு வாசலோடு நின்றுவிடும். வண்டித்தடத்தில் அடி தட்டும். பம்புசெட், களம், தென்னந்தோப்பு என்று எங்கே போனாலும் மாமாவின் பழைய பொலேரோதான்.

கொல்லைக்குள் குழந்தையைக் கூட்டிப்போக இருக்கும் மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிராக்டர் வேண்டவே வேண்டாம். அதில் ஓட்டுபவருக்கு மட்டும்தான் சீட். மட்கார்டில் உட்காரும் குழந்தை சறுக்கினால் விழுவது பெரிய சக்கரத்துக்கு முன்னால்தான்; பின்னால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் மாட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். டிரெய்லரில் பிடித்துக்கொள்ள விளிம்பைத் தவிர ஒன்றுமில்லை. பைக்கில் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால் ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் ஆகியவை 2023 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். தார் ரோட்டுக்கு அது சரி. ஈர வரப்பில் பைக் சாய்ந்தால் அந்த வார் குழந்தையையும் சேர்த்துத்தான் சாய்க்கும்.

மிஞ்சுவது மடி. "நம்ம கொல்லைக்குள்ள போறதுக்கு எதுக்கு மாப்ள இந்தக் கூண்டு? நான் மடியில வெச்சிக்கிறேன்" என்பார் மாமா. அவருக்கு நான் சொன்ன கணக்கு இது. வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் தென்னை மரத்தில் மோதி, பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 கிலோ பையனைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 80 கிலோவைத் தாங்கும் பலம் கைக்கு வேண்டும். நெல் மூட்டை தூக்கிப் பழகியவர் என்பதால் கணக்கு அவருக்குச் சட்டென்று புரிந்தது. பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் 14 வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத்திருத்தத்தில் இருக்கிறது. ஆனால் கொல்லைக்குள் எந்த போலீஸும் வரப்போவதில்லை, அதனால் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

சரி, சீட்டுக்கு வருவோம். ஐசோஃபிக்ஸுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். சீட்டின் இரண்டு கொக்கிகளும் காரின் இரும்பு வளையங்களில் 'க்ளிக்' என்று விழும், பச்சை நிறம் தெரியும், சீட் முன்னால் கவிழாமல் பிடிக்கும் மேல்வாரையோ தரையில் ஊன்றும் தாங்குகாலையோ சரி செய்தால் முடிந்தது. தப்பாக மாட்டுவதற்கு வாய்ப்பு குறைவு. அது பெரிய விஷயம், ஏனென்றால் பெல்ட் சீட்டில் தொய்வு விட்டுவிடுவது ரொம்பச் சுலபம். ஒரே கார், ஒரே சீட், வருடம் முழுக்க அப்படியே இருக்கும் என்பவர்கள் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. விலைதான் கூட, நாங்கள் பார்த்தவரை பெல்ட் சீட்டைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: இந்தச் சீட் வண்டி விட்டு வண்டி மாறுமா? மாமாவின் பொலேரோவில் ஐசோஃபிக்ஸ் வளையமே கிடையாது. கொக்கியில் மட்டும் நிற்கும் சீட்டை அங்கே வைக்க வழியில்லை. பெல்ட்டிலும் கட்டலாம் என்று வருகிற ஐசோஃபிக்ஸ் சீட்டுகள் உண்டுதான். ஆனால் அடிப்பாகத்து இரும்போடு பல மாடல்கள் பத்து கிலோவைத் தாண்டும். சனிக்கிழமை மத்தியானம் வெயிலில் அதை ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டச் சொன்னால், "இதோ இங்கதானே, மடியிலேயே வெச்சிக்கலாம்" என்ற பேச்சு தானாக வரும். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காத சீட்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. பெல்ட் சீட்டை என் மனைவி ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிறாள்.

மாட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், விற்பவர்கள் இதைச் சரியாகக் காட்டுவதில்லை. பொலேரோவின் நடு வரிசையில் ஓரத்து சீட்டில் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்து வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிறது. நடுவில் இருப்பது வெறும் இடுப்பு பெல்ட், நாங்கள் வாங்கிய சீட்டுக்கு அது ஆகாது. கடைசி வரிசையில் எதிரெதிராக இருக்கும் பெஞ்சில் எந்தக் குழந்தை சீட்டையும் வைக்கக் கூடாது. ஓரத்து பெல்ட்டை நன்றாக இழுத்து, சிவப்புக் குறி போட்ட வழியாக நுழைத்து பக்கிளில் மாட்டுங்கள் (குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி, அதாவது பின்பார்த்து வைப்பதற்கு நீலக் குறி). முழங்காலைச் சீட்டில் ஊன்றி உடம்பு எடையைக் கொடுத்தபடியே தோள் பெல்ட்டை இழுத்து, சீட்டோடு வரும் கவ்வியில் பூட்டுங்கள். நம் ஊர் கார் பெல்ட் பெரும்பாலும் வெடுக்கென்று இழுத்தால்தான் பிடிக்கும், மெல்ல இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். கவ்வி இல்லாவிட்டால் நாலு பள்ளத்தில் சீட் தளர்ந்துவிடும். கடைசியாக, பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் மனைவியின் அக்கா தன் பிள்ளையின் பழைய சீட்டைக் கொண்டுவருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றதற்கும் இந்தக் கவ்விதான் காரணம். அங்கே கார் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அதுவே பூட்டிக்கொள்ளும். அதை நம்பிச் செய்த சீட்டுகளில் சிலவற்றுக்குத் தனிக் கவ்வி இருக்காது. கடையில் வாங்கும்போது இந்தியத் தரமான ஏஐஎஸ் 072 அல்லது ஐரோப்பிய ஆர்44, ஆர்129 பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தெரியாதவர் விற்கும் பழைய சீட்டும் வேண்டாம், அது எந்த விபத்தைப் பார்த்தது என்று வெளியே தெரியாது.

பராமரிப்பில் இரண்டும் ஒன்றுதான். உறையைத் துவைக்கலாம், வார்களை ஈரத்துணியால் துடைத்தால் போதும், சோப்புப் போட்டு ஊற வைக்கக் கூடாது. எங்கள் சீட்டின் பக்கிளுக்குள் ஒருமுறை வேர்க்கடலைத் தோலும் மண்ணும் சேர்ந்து, பூட்டினாலும் சத்தம் வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காய வைத்ததும் சரியானது. எண்ணெய் விட வேண்டாம். மே மாதத்தில் பக்கிளின் உலோகம் தொடையைச் சுட்டுவிடும், வெள்ளைத் துண்டு ஒன்றைப் போட்டு வைக்கிறோம்.

வாங்கும்போது நினைக்காத ஒரு லாபமும் உண்டு. தோட்டத்து வீடுகளில் குழந்தைகள் அடிபடுவது வண்டிக்குள் மட்டும் இல்லை, பின்னால் எடுக்கிற வண்டிக்குக் கீழேயும்தான். பையன் சீட்டில் வாரோடு உட்கார்ந்திருந்தால் அவன் எங்கே இருக்கிறான் என்று கத்தித் தேட வேண்டியதில்லை. இருந்தாலும் மாமா இப்போது வண்டி எடுப்பதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வந்துதான் ஏறுகிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்களே.

எங்கள் அனுபவம் முன்பார்த்த சீட்டோடு சரி. கைக்குழந்தையைப் பின்பார்த்து வைத்துப் பொலேரோவில் நாங்கள் போனதில்லை. அதற்கு முன்சீட்டுக்கும் நடுசீட்டுக்கும் இடையே இடம் போதுமா என்று வாங்கும் முன்பே வைத்துப் பாருங்கள். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் மட்டும் பின்பார்த்த சீட்டை வைக்கவே கூடாது. எங்கள் சீட்டில் தோள், இடுப்பு, கால்களுக்கு நடுவே என்று குழந்தையைக் கட்டும் ஐந்து முனை வார் 18 கிலோ வரை. 15 கிலோவிலிருந்தே அந்த வாரை எடுத்துவிட்டு, கார் பெல்ட்டையே குழந்தைக்குப் போடும் பூஸ்டராக மாற்றலாம் என்று போட்டிருந்தாலும் அவசரப்படப் போவதில்லை. பூஸ்டரில் குழந்தை நேராக உட்கார்ந்தால்தான் பெல்ட் தோளில் நிற்கும். மயில் தெரிந்தால் ஜன்னல் பக்கம் சாய்கிற பையனுக்கு 18 கிலோ வரை அந்த வாரே இருக்கட்டும்.