கண்டியில் வாங்கிய இரண்டு செலடான் கோப்பைகள்

சீனாவின் லோங்சுவான் ஊர்ப் பாணியில் இக்காலத்தில் செய்யப்பட்ட இரண்டு செலடான் (பச்சைப் பூச்சிட்ட பீங்கான்) கோப்பைகளை, ஒன்று 4,500 ரூபாவாகக் கண்டியிலுள்ள ஒரு சிறிய பீங்கான் கடையில் வாங்கி, மூன்று மாதங்களாக ஹட்டனில் எங்கள் வீட்டில் புழங்கி வருகிறேன்.

கொடுத்த காசு கண்ணாடி போன்ற அந்தப் பூச்சுக்கே தகும். சொங் அரச காலத்துச் (960–1279) சூளைக்காரர்கள் சிறிதளவே இரும்பு கலந்த பூச்சைக் காற்றுக் குறைந்த தீயில் சுட்டு இந்தப் பச்சையைப் பெற்றார்கள். அக்காலத்தின் பிற்பகுதியில் லோங்சுவானில் அதைப் பல அடுக்குகளாக ஏற்றியதால், உள்ளே தங்கிய நுண்குமிழிகள் ஒளியைச் சிதறடித்து, ஜேட் கல்லுக்கு உரிய மென்மையான ஆழத்தைக் கொடுத்தன. அந்த ஆழம் என் கோப்பைகளில் முழுமையாக இல்லை. ஆயினும் விளிம்பில் பூச்சு மெலிந்து வெளிறுவதையும், செதுக்கிய தாமரை இதழ்களின் பள்ளங்களில் அது தேங்கி அடர்வதையும், மூடுபனி விலகும் காலை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடியில் பூச்சில்லாத வளையம் செம்மண் நிறமாகச் சிவந்திருப்பதும் பழைய லோங்சுவான் பாத்திரங்களை நினைவூட்டுகிறது.

ஆனால் நமது சாயத்துக்கு, அதாவது பால் சேர்க்காத கறுப்புத் தேநீருக்கு, இக்கோப்பை ஒத்துவரவில்லை. 8ஆம் நூற்றாண்டில் தேநீரைப் பற்றி எழுதிய சீனரான லூ யூ, வெள்ளைப் பீங்கானில் தேநீர் சிவந்து தெரிகிறது, யுவே சூளைகளின் பச்சைப் பூச்சுப் பீங்கானில் பச்சையாகத் தெரிகிறது என்று கூறி, யுவேயையே உயர்த்தினார். அவர் விரும்பாத அந்தச் சிவப்புத்தான் எங்கள் பகுதியின் திம்புள்ளத் தேயிலைக்குப் பெருமை. தேநீரைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் வெள்ளைக் கோப்பைகளை வைத்திருப்பதும் நிறம் தெளிவாகத் தெரிவதற்காகவே. பச்சைக் கோப்பையில் ஊற்றிய பிளேன்டீ மங்கிப் பழுப்பாகிவிடுகிறது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "சாயம் இறங்கலையா?" என்று கேட்டார். பச்சைத் தேயிலை குடிப்பவர்களுக்கு இந்தக் குறை இராது.

கடைக்காரர் மேல் தட்டிலிருந்த ஒரு கிண்ணத்தைச் சொங் காலத்தது என்றார். மன்னாருக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான மாந்தையில் நடந்த அகழ்வில் யுவே பீங்கான் துண்டுகள் கிடைத்திருப்பதால், அக்காலத்துச் சீனப் பீங்கான் இந்தத் தீவுக்கு வந்தது உண்மையே. அதற்காக அந்தக் கிண்ணத்தை நம்பிவிட முடியாது. இயந்திரத்தில் கடைந்தது போன்ற அதன் அடிவளையத்தைக் கண்டு விலகிவிட்டேன்.

பொதி செய்த விதம் மிக மோசம். ஒற்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்ததால், ஹட்டன் பஸ்ஸில் ஒரு கோப்பையின் விளிம்பில் ஒரு சிறு சில்லு உடைந்து போயிற்று. வாங்கச் செல்பவர்கள் தடித்த துவாய் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.