அறுபதைத் தாண்டியவர்களுக்கு வெனோனா மினசோட்டா 2 கனூ

அமெரிக்காவின் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிகளில் துடுப்பு போடுவதைவிட, ஒரு ஏரியிலிருந்து அடுத்ததற்குப் படகைச் சுமப்பதுதான் வயதானவர்களை முடக்கும். பழைய 17 அடி அலுமினிய கனூ (நீண்ட, ஒடுங்கிய துடுப்புப் படகு) சுமார் 34 கிலோ. கெவ்லர் என்ற இலேசான, வலுவான செயற்கை இழையால் ஆன இந்த 18½ அடி மினசோட்டா 2 ஏறக்குறைய 19 கிலோதான். வாடகைக்குக் கேட்கும்போது 'அல்ட்ரா லைட்' என்று சொல்லிக் கேளுங்கள்.

ஆனாலும் தனியாகத் தூக்க வேண்டாம். கவிழ்த்த படகின் பின்முனை புல்தரையில் இருக்கட்டும். ஒருவர் முன்முனையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்க, மற்றவர் அடியில் நுழைந்து, படகின் குறுக்கே உள்ள நடுக்கட்டையின் பஞ்சுத் திண்டுகளைத் தோளில் பொருத்திக்கொள்ளலாம். இடுப்பைத் திருப்பித் தூக்கும் வேலையே இல்லை. முதுகுப்பிடிப்பு அந்தத் திருப்பலில் எளிதாக வரும்.

நேராக ஓடும், வேகமும் உண்டு. திரும்புவதுதான் கொஞ்சம் சண்டித்தனம். படகின் மெல்லிய தோலை அப்படியே பாறையில் ஏற்றினால் கீறும். முழங்காலுக்குக் கீழான நீரிலேயே இறங்கிவிட வேண்டும். பாசிக்கல்லில் வழுக்குமே, அதற்கு ஊன்றுகோல் அவசியம். இருக்கை தாழ்வு, முழங்கால் வலி உள்ளவர்கள் எழச் சிரமப்படுவார்கள்.

காலி படகு காற்றில் பறக்கும், கரையில் கட்டி வையுங்கள். மே மாதத் தண்ணீர் கைகால்களைச் சில நிமிடங்களில் செயலிழக்க வைக்கும். லைஃப் ஜாக்கெட் இருக்கைக்கு அடியில் கிடந்தால் பயனில்லை.