ஃபேரா, ஃபௌலா: பேஸுக்கு முன்னும் அப்பாலும்

பேஸ்பாலில் அடித்த பந்து முதல், மூன்றாம் பேஸ் (ஓடுபவர் தொடும் மூலைத்தளம்) வழியே போகும் இரு கோடுகளுக்குள் இருந்தால் ஃபேர், ஆட்டம் தொடரும்; வெளியே என்றால் ஃபௌல். அந்தப் பேஸை எட்டும் முன் உருளும் பந்துக்கு நடுவர் காத்திருக்கத்தான் வேண்டும். கோட்டுக்கு வெளியே போனது உள்ளே திரும்பலாம். பந்து நிற்கும் இடம் அல்லது ஒருவர் முதலில் தொடும் இடம்தான் கணக்கு. தொட்டவரின் கால் எங்கிருந்தாலும் பொருட்டில்லை. கோட்டில் பட்டிருந்தால் ஃபேர்.

பேஸைத் தாண்டும் பந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. குதித்துப் போவது பேஸின் மேலாகக் கடந்தாலோ, பேஸில் பட்டாலோ ஃபேர். பிறகு வெளியே போனாலும் மாறாது. பறந்து அப்பால் விழுவதற்கு முதலில் விழும் இடமே அளவு.

நம் கணிப்பில் உருளும் பந்தே கடினம். அவசரப்பட்டு “ஃபௌல்” என்று கத்தினால் எல்லோரும் நின்றுவிடுவார்கள். பந்து உள்ளே திரும்பினாலும் பயனில்லை. ஃபேருக்குக் குரலே வேண்டாம், மைதானத்தின் உள்பக்கம் கைகாட்டினால் போதும்.