கூகுள் அனலிட்டிக்ஸின் ஒப்பீட்டு வசதி: சேலத்து வியாபாரத்துக்கு எவ்வளவு பொருந்தும்?

இணையதளத்துக்கு வருவோரை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் 2024-ஆம் ஆண்டு ஓர் ஒப்பீட்டு வசதி சேர்ந்தது. நம் தளத்தின் எண்களை, அதே தொழில் வகையில் உள்ள மற்ற தளங்களோடு ஒரே வரைபடத்தில் காட்டும். கட்டணம் கிடையாது. சேலம் கொலுசு, இளம்பிள்ளைச் சேலை, ஜவ்வரிசி, ஏற்காட்டுக் காபித்தூள் என்று எதை விற்றாலும், தளத்தைக் கவனிக்கும் மார்க்கெட்டிங் ஏஜென்சி தரும் மாத அறிக்கையில் 'இண்டஸ்ட்ரி ஆவரேஜ்' என்றொரு கட்டம் இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. அதைவிட இது எவ்வளவோ மேல். ஒற்றைச் சராசரிக்குப் பதிலாக மீடியனையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்), நடுப்பாதித் தளங்கள் அடங்கும் 25 முதல் 75 பர்சன்டைல் வரையிலான பட்டையையும் தருவதால், ஒன்றிரண்டு பெரிய தளங்கள் கணக்கையே இழுத்துவிட முடியாது.

இதைத் திறக்க, அட்மின் பகுதியில் அக்கவுண்ட் செட்டிங்ஸுக்குப் போய் 'மாடலிங் கான்ட்ரிபியூஷன்ஸ் அண்ட் பிசினஸ் இன்சைட்ஸ்' என்பதை டிக் செய்ய வேண்டும். நம் தரவும் அடையாளம் நீக்கப்பட்டு அந்தப் பொதுக் கணக்கில் சேரும் என்பதே இதன் பொருள். பிறகு முகப்பு வரைபடத்தில் ஒப்பீட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். கூகுள் தானாகப் போடும் குழுவை அப்படியே விட்டுவிடாதீர்கள்; கொலுசு மொத்த வியாபாரியைப் பொதுவான ஷாப்பிங் தளங்களோடு சேர்த்துவிட்டால் ஒப்பீடு வீண்.

சரியான குழுவைத் தேர்ந்தாலும் சிக்கல் முழுதாகத் தீராது. குழு தொழில் வகையைப் பார்த்துதான் அமைகிறது. விற்பனை எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. கொலுசு வாங்க வருபவர் டிசைனைப் பார்த்ததும் எடை, டச் (வெள்ளியின் தூய்மை), செய்கூலி கேட்க வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறார். அனலிட்டிக்ஸ் ஒரு வருகையை 'ஈடுபட்ட வருகை' என்று ஏற்க வேண்டுமானால், அது 10 நொடியைத் தாண்ட வேண்டும், அல்லது இரண்டு பக்கமாவது பார்க்கப்பட வேண்டும், அல்லது ஒரு 'கீ ஈவென்ட்' (முக்கியம் என்று நாம் குறித்துவைத்த செயல்) நடக்க வேண்டும். எட்டாவது நொடியில் வாட்ஸ்அப் பொத்தானைத் தொட்டவர் இந்த மூன்றிலும் சேராமல் பவுன்ஸ் (ஈடுபடாத வருகை) கணக்கில் விழுகிறார். ஆர்டர் கொடுக்கவே வந்த ஆள் அவர்! அறிக்கையைப் பார்த்துப் பதறி, அந்தப் பக்கத்தில் 2000 சொல்லில் கட்டுரை ஏற்றுவதும், வீடியோ திணிப்பதும் இதனால்தான் நடக்கிறது. விலையும் எடையும் சட்டென்று தெரியும் பக்கத்தில் ஆட்கள் குறைந்த நேரமே நிற்பார்கள். அது குறையே அல்ல.

எனவே ஒப்பீட்டைத் திறக்கும் முன் எண்ணும் முறையைச் சரிசெய்ய வேண்டும். மேம்பட்ட அளவீடு (சில செயல்களைத் தானாகவே பதிவு செய்யும் அமைப்பு) இயக்கத்தில் இருந்தால், வாட்ஸ்அப்பைத் திறக்கும் wa.me இணைப்பைத் தொடுவது 'click' என்ற நிகழ்வாகப் பதிவாகும். ஆனால் அந்த நிகழ்வை அப்படியே கீ ஈவென்ட் ஆக்கினால் இன்ஸ்டாகிராம் இணைப்பைத் தொட்டவரும் விசாரணைக் கணக்கில் ஏறிவிடுவார். link_domain (இணைப்பு போய்ச் சேரும் தளம்) என்பது wa.me ஆக இருந்தால் மட்டும் பதிவாகும்படி தனி நிகழ்வு உருவாக்கி, அதைக் கீ ஈவென்ட் ஆக்குங்கள். மிதக்கும் வாட்ஸ்அப் விட்ஜெட் சாதாரண இணைப்பாக இல்லாமல் ஜாவாஸ்கிரிப்டால் திறந்தால் எதுவும் பதிவாகாது. போன் எண்ணைத் தொடுவதும் தானாகப் பதிவாவதில்லை; 'tel:' என்று தொடங்கும் இணைப்புக்கு கூகுளின் டேக் மேனேஜர் கருவியில் ட்ரிகர் (எப்போது பதிவாக வேண்டும் என்ற விதி) போட வேண்டும். இவை எதுவும் பழைய நாட்களுக்குப் பொருந்தாது, அமைத்த நாளிலிருந்துதான் எண்ணும்.

ஈடுபட்ட வருகைக்கான 10 நொடி வரம்பை 60 நொடி வரை உயர்த்த வழி இருக்கிறது. உயர்த்தினால் மற்றவர்களோடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது பருவம். ஏற்காட்டு விடுதிக்கு மே மாதம் உச்சம். கொலுசுக்கு முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும் மந்தம். சேலைக்குத் தீபாவளி. அது 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் 2024-இல் வளர்ச்சி பொய்யாகப் பெரிதாகத் தெரியும். தீபாவளிக்கு முந்தைய 30 நாளை, போன ஆண்டு தீபாவளிக்கு முந்தைய 30 நாளோடு வைத்துப் பாருங்கள். நாமே அறிக்கை அமைத்துப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் இதைச் செய்யத் தரவு சேமிப்புக் காலத்தை 2 மாதத்திலிருந்து 14 மாதமாக முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

சிறிய தளங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மாதம் 300 வருகையில் 12 பேர் விசாரித்தால் 4 சதவீதம். 9 பேர் என்றால் 3. அந்த மூன்று பேர் வித்தியாசம் தற்செயலாகவே நேரலாம். அதற்காக ஏஜென்சியை மாற்றவோ பக்கத்தைத் திருத்தவோ வேண்டாம், மூன்று மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

மதிப்பீடு: 5-க்கு 3. புதிய பயனர் வரத்து போன்ற பொதுப் போக்குக்கு நம்பலாம்: நம் வரத்து சரியும்போது குழுவின் மீடியனும் சரிந்தால் சந்தையே மந்தம், நம்முடையது மட்டும் சரிந்தால் தளத்தில் ஏதோ கோளாறு. பவுன்ஸ் விகிதம், ஈடுபாட்டு நேரம் இரண்டையும் வாட்ஸ்அப்பில் விற்பவர்கள் இதில் பார்க்கவே வேண்டாம்.